கிணற்றடியில் வழுக்கி விழுந்தவர்

அவளைக் காட்டிக் கொடுத்தது நான்தான். வேறு யாரும் இல்லை. இதை முதலில் எழுதிவிட்டால் மிச்சத்தை எழுதக் கை வரும் என்று நினைக்கிறேன்.

வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்கான ஒரு சிறிய அமைப்பில் நான் வேலை செய்கிறேன். பெரிய கட்டடம், குளிரூட்டி என்று எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். வீதியோரமாக இரண்டு அறையுள்ள ஓர் அலுவலகம், ஊரெல்லாம் தெரிந்த இடம். பொலிஸில் முறைப்பாடு கொடுக்கக் கூடப் போவது, பாதுகாப்புக் கட்டளை எடுக்கச் சட்டத்தரணியோடு நீதிமன்றத்துக்கு அலைவது, கிராம சேவகரிடம் கடிதம் வாங்குவது, புதன்கிழமைகளில் பெண்களை வட்டமாக இருத்தி மனம் விட்டுக் கதைக்க விடுவது எல்லாம் அங்கே நடக்கும். அதைவிட எங்களுக்குத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வீடும் இருக்கிறது. திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் வருகிற பெண்கள் பிள்ளைகளோடு சில மாதங்கள் அங்கே தங்குவார்கள். அந்த வீடு எந்த ஊரில் இருக்கிறது என்பதை இங்கே எழுதமாட்டேன். ஒருதரம் சொல்லிவிட்டுப் பட்டது போதும்.

புதிதாக வருகிற தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பவளும் நான்தான். அலுவலகச் சுவரில் ஒரு மட்டை தொங்குகிறது. கேட்டதை வெளியில் சொல்லாதே, கண்டதை வெளியில் சொல்லாதே, இடத்தை எவருக்கும் சொல்லாதே. சிவப்பு மையில் என் கையெழுத்து. புதுத் தொண்டரான ஒரு பெட்டை பஸ்ஸுக்குள் போனில் கொஞ்சம் கூடுதலாகக் கதைத்துவிட்டாள் என்று அரை மணித்தியாலம் நிறுத்தி வைத்து ஏசியிருக்கிறேன். அவள் அழுதாள். நான் இளகவில்லை.

அவள் எங்களிடம் வந்தது தோட்டங்களில் வெங்காயம் கிண்டி எடுத்து முடிந்த காலத்தில். முப்பது வயது இருக்கும், கையில் நான்கு வயது மகள். இடது கண் முழுக்க மூடிக்கிடந்தது. "என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"கிணத்தடியிலை வழுக்கி விழுந்தனான் அக்கா."

எல்லோரும் முதல்நாள் அதைத்தான் சொல்வார்கள். இந்தக் குடாநாட்டுக் கிணற்றடிகளில் இத்தனை பெண்கள் விழுகிறார்கள் என்பது உண்மையானால் பொலிஸ் கிணறுகளைத்தான் பிடித்து உள்ளே போடவேண்டும். நான் மறுத்துப் பேசவில்லை. தேத்தண்ணி கொடுத்தேன், பிள்ளைக்கு விசுக்கோத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் தானாகவே வாயைத் திறந்தாள்.

கலியாணம் கட்டி எட்டு வருடம். கணவன் தோட்டக்காரன், சொந்தக் காணி, கோயில் திருவிழாவில் முன்னுக்கு நிற்கிறவன். குடிக்கிறவனோ என்று எங்களிடம் எல்லோரும் கேட்பார்கள், குடித்தால் அடிப்பது நியாயம் என்பதுபோல. எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாலே பத்திக்கொண்டு வரும். அவன் குடிப்பதில்லை. வெள்ளிக்கிழமைகளில் மீன் இறைச்சியும் சாப்பிடுவதில்லை. ஒரு சொட்டுக் குடிக்காமல், நிதானமாக அடிக்கிறவன்.

"வீட்டிலை வேறை ஆர் இருக்கினம்?"

"மாமி. அவரின்ரை அம்மா."

"அவ ஒண்டும் சொல்லமாட்டாவோ?"

அவள் கொஞ்ச நேரம் மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். "அவர் அறைக் கதவைச் சாத்தினால் மாமி ரீவிச் சத்தத்தைக் கூட்டி வைப்பா. அயலுக்குக் கேக்கக் கூடாது எல்லே. ரீவி சத்தம் கூடினால் எனக்குக் கை கால் நடுங்கத் தொடங்கிடும் அக்கா. இப்பவும்தான்."

பதினான்கு வருடமாக இந்த வேலை செய்கிறேன். அன்றைக்கு எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். அவனைவிட அந்த மாமிமேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு பெண், நடுக்கூடத்தில் இருந்துகொண்டு, ரிமோட்டைக் கையில் எடுத்து, சத்தத்தைக் கூட்டுகிறாள். அந்தக் கையை நினைத்து நினைத்துத் திட்டினேன்.

எங்கள் வீட்டில் அவளும் மகளும் மெல்ல மெல்லத் தேறினார்கள். சின்னவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. காகத்துக்கு வைக்காமல் ஒருவாய் சோறு தின்னாது. எங்கள் சனத்தில் விரத நாட்களில் காகத்துக்கு வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். இதுவோ ஒவ்வொரு நாளும் ஒரு பிடி சோற்றை மதிலில் வைத்துவிட்டு, "அப்பப்பா, சாப்பிட வாங்கோ" என்று கூப்பிடும். செத்துப்போன அப்பப்பா, தகப்பனைப் பெற்றவர், காகமாகத்தான் வருகிறார் என்று அதற்கு யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். காகம் வந்து கொத்தினால்தான் பிள்ளை தன் சோற்றுக் கோப்பையைத் தொடும். சில நாள் அரை மணித்தியாலம் காத்திருக்கும். அதைப் பார்க்க எங்களுக்கெல்லாம் சிரிப்பாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

பாதுகாப்புக் கட்டளைக்கான வழக்குக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவேன், யார் மறிக்கிறார்கள் பார்ப்போம் என்று கணவன் ஊரில் சொல்லித் திரிகிறானாம். நீதிமன்றம் ஒரு முடிவைச் சொல்லும்வரை அவள் இருக்கும் இடம் அவனுக்குத் தெரியவரக் கூடாது. எங்கள் எல்லோருக்கும் இருந்த வேலை அது ஒன்றுதான்.

அந்தப் பத்து நாளில் ஒரு நாள் எனக்குக் கிளினிக். சீனி வருத்தம், இரண்டு மாதத்துக்கு ஒருதரம் இரத்தம் பார்த்து மருந்து எடுக்கவேண்டும். காலையில் போய் இலக்கத் துண்டை எடுத்துக்கொண்டு சுவரோரம் கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஓர் அம்மா வந்து இருந்தார். அறுபத்தெட்டு, எழுபது வயது இருக்கும். வெளிறிய பச்சைச் சீலை, நெற்றியில் திருநீறு, காதுக்குக் கீழே ஒரு பெரிய மச்சம். இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது.

"பிள்ளை எந்த இடம்?"

எங்கள் ஊர்களில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. எந்த இடம், அந்த இடத்தில் எவடம், ஆரின்ரை பிள்ளை, தாய் ஆரின்ரை பகுதி. சும்மா கேட்பது போல இருக்கும். உள்ளுக்குள் என்ன ஆட்கள், என்ன சாதி என்று அளந்துகொள்வதற்கான நாடா அது. எனக்கு அது நன்றாகவே தெரியும். பயிற்சி வகுப்பில் அதைக் கிழி கிழியென்று கிழிப்பேன். ஆனால் யாராவது என்னிடம் கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல முழுவதையும் சொல்லிவிடுவேன். சின்ன வயதிலிருந்தே ஊறிப்போன பழக்கம்.

"அம்மான்ரை ஊர் சண்டிலிப்பாய்."

"சண்டிலிப்பாயோ! நானும் அங்கை பிறந்தனான் பிள்ளை. எவடம்?"

சொன்னேன். அவரும் சொன்னார். ஐந்து நிமிடத்தில் அவருடைய அண்ணன் கட்டியிருப்பது என் அம்மாவின் ஒன்றுவிட்ட அக்காவை என்று வந்துவிட்டது. அந்த அண்ணன் இப்போது கனடாவில்.

"அப்ப நீங்கள் எனக்கு மாமி முறை!" என்றேன்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா போனபிறகு, அவர் பிறந்த ஒழுங்கையை, அந்தச் சின்னத் தெருவை, தெரிந்த ஒருவரோடு கதைத்தே எத்தனையோ காலம். மாமி, மாமி என்று வாய் ஓயாமல் கூப்பிட்டேன். அவர் சீலைத் தலைப்பால் வாயைத் துடைத்துத் துடைத்துக் கதைத்தார். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன்.

"வீட்டிலை கரைச்சல் எண்டு வாற பெட்டையள் நிக்கிறதுக்கு இடமும் இருக்கோ?"

"ஓம் மாமி, அதுக்கு வேறையா ஒரு வீடு இருக்குது. நானும் கனநாள் அங்கைதான்." ஊர்ப் பெயரைச் சொன்னேன். தோட்டத்துக்கு நடுவில் என்றும் சொன்னேன். நான் எங்கே இருக்கிறேன் என்று ஒரு சொந்தக்காரருக்குச் சொல்லுகிறேன், அவ்வளவுதான் என் நினைப்பு.

எப்படிப்பட்ட ஆட்கள் வருவார்கள் என்று கேட்டார். நான் பெரிய ஆளாகிவிட்டேன். "முதல்நாள் வாய் திறக்காயினம் மாமி. எல்லாரும் கிணத்தடியிலை வழுக்கி விழுந்ததெண்டுதான் சொல்லுவினம்."

 அவர் கட்டுப்போட்ட கையை மடியிலிருந்து தூக்கினார். "நானும் கிணத்தடியிலைதான் விழுந்தனான் பிள்ளை."

"ஐயோ மாமி, உங்களைச் சொல்லேல்லை, குறை நினைக்காதேங்கோ!" என்று சிரித்தேன். "பாசி பிடிச்சிருக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டு நல்லாத் தேய்க்கச் சொல்லுங்கோ. வயது போன காலத்திலை கவனம் வேணும்."

அவரும் சிரித்தார் என்று நினைக்கிறேன். "பிள்ளையளும் நிக்குதுகளோ?" என்று கேட்டார்.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "இப்ப ஒண்டு நிக்குது மாமி, நாலு வயது. காகத்துக்கு வைக்காமல் சாப்பிடாது. அப்பப்பா வாங்கோ எண்டு காகத்தைக் கூப்பிடும், பாக்க வேணும் நீங்கள்."

மாமி சீலைத் தலைப்பை வாயில் வைத்தபடியே இருந்தார். "வடிவாச் சாப்பிடுதோ?" என்றார்.

"ஓம், ஓம்."

"மெலியேல்லையே?"

"இல்லை மாமி."

அவருடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். எழும்பும்போது என் கையைப் பிடித்து இறுக்கினார். சொந்தம் கண்ட சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

பின்னேரம் இரண்டு மணிபோல தோட்டத்து வீட்டுக்கு வந்தேன். சின்னவள் நித்திரை. தாய் குசினிக்குள் இருந்து முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தாள். நான் தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு, இன்றைக்கு ஒரு புது மாமி கிடைத்த கதையைச் சொல்லத் தொடங்கினேன். சண்டிலிப்பாய், ஒழுங்கை, அண்ணன் கனடாவில். அவள் கை நின்றது.

"பேர் என்னவாம் அக்கா?"

பெயர் கேட்கவில்லை. நாங்கள் ஊர் கேட்போம், ஒழுங்கை கேட்போம், அண்ணன் எங்கே பெண் எடுத்தான் என்று கேட்போம். மூத்தவர்களிடம் பெயரை மட்டும் கேட்கமாட்டோம், அது மரியாதையில்லை.

"காதுக்குக் கீழை மச்சம் இருந்ததோ?"

"ஓம்."

"கதைக்கேக்கை சீலைத் தலைப்பாலை வாயைத் துடைச்சவவோ?"

"ஓம்."

"அது எங்கடை மாமி அக்கா."

 அவளுடைய விவரம் முழுவதும் என் கையால் எழுதிய பதிவுக் கோவையில் இருக்கிறது. கணவனின் ஊர் தெரியும், காணி தெரியும், கோயில் தெரியும். மாமியார் எங்கே பிறந்தவர் என்று நான் எழுதவில்லை. அதுவோ எங்கள் சனத்தில் எந்தப் பெண்ணும் சாகும்வரை முதலில் சொல்லுகிற விஷயம். கட்டிப்போன ஊரில் ஐம்பது வருடம் இருந்தாலும் பிறந்த ஊர் ஆள் ஒன்றைக் கண்டால் அந்த ஊரைத்தான் சொல்வாள். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரிந்துதான் என்ன பிரயோசனம்.

"நான் ஊரைச் சொல்லிப்போட்டன்," என்றேன். "பிள்ளையைப் பற்றியும் சொல்லிப்போட்டன். காகத்தைப் பற்றியும்."

ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருக்கலாம். அவள் உருவிய இலையைச் சுளகில் ஒதுக்கி வைத்துவிட்டு எழும்பினாள். அறைக்குள் போய் உடுப்புகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினாள்.

"நீங்கள் என்ன செய்யிறது அக்கா. அவ ஆரிட்டையும் கதை புடுங்கிப்போடுவா," என்றாள். எனக்கு ஆறுதல் சொன்னாள், எனக்கு! அந்த நேரத்தில் நிலம் பிளந்து என்னை விழுங்கியிருந்தாலும் மறுப்புச் சொல்லியிருக்கமாட்டேன்.

எங்கள் பொறுப்பாளரைப் போனில் கூப்பிட்டேன். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் அதிபராக இருந்து இளைப்பாறியவர், எண்ணிப் பேசுகிறவர். முழுவதையும் கேட்டுவிட்டு, "எத்தினை நிமிசம் கதைச்சனீர்?" என்றார்.

"பத்துப் பதினைஞ்சு."

"அவ்வளவு நேரமே காணும்," என்றார். பிறகு ஒரு வான் வண்டிக்கு ஏற்பாடு செய்தார்.

நான்கு மணிக்கு முன்னரே அவளையும் பிள்ளையையும் வேறு ஓர் இடத்துக்கு மாற்றினோம். வான் வாசல் படலைக்குள் வந்து நின்றபோது சின்னவள் ஏறமாட்டேன் என்று அழுதது. "அந்த வீடு அப்பப்பாவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டது. தாய் என்னைப் பார்க்கவில்லை. "தெரியும், வருவார்," என்று சொல்லிப் பிள்ளையைத் தூக்கி ஏற்றினாள். எந்த வீடு என்று நான் பொறுப்பாளரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அது சரியென்றுதான் எனக்கும் பட்டது.

அதற்குப் பிறகு மூன்று நாள் நான், வேறு பெண்கள் யாரும் அப்போது தங்கியிராத அந்த வெறும் வீட்டில் காத்திருந்தேன். அவன் வந்தால் இங்கே யாரும் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல ஓர் ஆள் வேண்டும், அது நானாகத்தான் இருக்கவேண்டும் என்று அடம்பிடித்தேன். பொலிஸில் பெண்கள் பிரிவுக்கும் சொல்லி வைத்திருந்தோம். ஒழுங்கையில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் யன்னலால் எட்டிப் பார்த்தேன். கதவு மூலையில் உலக்கையைச் சாத்தி வைத்திருந்தேன். உலக்கையைத் தூக்கவே எனக்கு இரண்டு கை வேண்டும், அது வேறு கதை. மற்ற நேரம் முழுக்க அந்த மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தேன். என்ன நடிப்பு, மெலியவில்லையே என்று என்ன அக்கறை, கையை வேறு பிடித்து இறுக்கினாளே என்று.

நாலாம் நாள் காலை பத்து மணிபோல படலையடியில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. இறங்கியது அவர்தான். தனியாக. கையில் ஒரு கடைப் பை. ஓட்டோ திரும்பிப் போய்விட்டது. நான் சொன்ன ஊரையும் தோட்டத்தையும் வைத்து விசாரித்துப் பிடித்திருக்கிறார்.

நான் முற்றத்தைக் கடந்து போன வேகம் எனக்கே தெரியாது. "மகன் எங்கை? ஒழுங்கை முடக்கிலை நிக்கிறாரோ?"

"தனியத்தான் வந்தனான் பிள்ளை."

"பிள்ளை எண்டு கூப்பிடாதேங்கோ! உங்களுக்கு வெக்கமில்லையோ? எட்டு வரியம் பாத்துக்கொண்டு இருந்திட்டு இப்ப தேடிக்கொண்டு வந்திட்டியள். அவள் இஞ்சை இல்லை. எங்கையெண்டு எனக்கே தெரியாது. தெரிஞ்சாலும் உங்களுக்குச் சொல்லமாட்டன்."

கிளினிக்கில் சொல்லாமல் விட்ட எல்லாவற்றையும் அன்றைக்குப் படலையடியில் சொல்லித் தீர்த்தேன். பக்கத்துத் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நின்றவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார். மாமியார் படலைக் கம்பைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே நின்றார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "ஓம். நீங்கள் சொல்லுறது சரி," என்றார். பிறகு, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருவியளோ?" என்றார்.

தண்ணீர் குடிக்க முகத்தை நிமிர்த்தினார். முகமெல்லாம் பவுடர் பூசியிருந்தது, வயதான பெண்கள் ஒருநாளும் பூசாத அளவுக்கு. பவுடருக்குக் கீழே இடது கன்னம் நீலமாகக் கிடந்தது. வாயில் கீழ்ச் சொண்டு வெடித்திருந்தது. செம்பை வாயில் படாமல் தூக்கிக் குடிக்க அவரால் முடியவில்லை. மணிக்கட்டில் அந்தக் கட்டு அப்படியே இருந்தது.

நான் பார்த்தபடியே நின்றேன். 

"அவள் போய் ரெண்டாம் கிழமை தொடங்கினது," என்றார். "முதல்தரம் சோறு குழைஞ்சு போச்செண்டு. பேந்து நான்தான் அவளை அனுப்பிப்போட்டன் எண்டு. இந்தக் கை அப்ப முறிஞ்சது."

நான் கதிரையை இழுத்துக் கொடுத்தேன். அவர் இருக்கவில்லை, கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் கிளினிக்கிலை இருந்து போன அண்டு பின்னேரமே மகன் கேட்டவன், அவளைப் பற்றி ஏதும் அறிஞ்சனியோ எண்டு. எந்த நாளும் கேக்கிறவன்தான். தெரியாது எண்டனான்."

"உங்களுக்குத் தெரியுமே. நான் சொன்னனானே."

"தெரியும். அதாலைதான் வடிவாச் சொல்ல வரேல்லை. என்ரை முகத்தைப் பாத்தே பிடிச்சிட்டான், எனக்கு என்னவோ தெரியுமெண்டு." கன்னத்தைத் தொடாமல் விரலால் காட்டினார். "மூண்டு நாளாக் கேட்டான். நான் சொல்லேல்லை."

பதினான்கு வருடம் வேலை செய்தவள், சுவரில் மட்டை எழுதித் தொங்கவிட்டவள், பத்து நிமிடத்தில் வாங்கில் இருந்து எல்லாவற்றையும் கொட்டினேன். இந்த மனுசி முறிந்த கையோடு மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"முந்தி நான்தான் ரீவியைக் கூட்டி வைக்கிறனான்," என்றார். நான் கேட்காமலே சொன்னார். "அவள் சொல்லியிருப்பாள். இப்ப அவன் தானே கூட்டி வைச்சிட்டு என்னட்டை வாறான்."

நான் அந்தக் கதிரையில் இருந்துவிட்டேன். அவருக்கு இழுத்துக் கொடுத்த கதிரை.  பெற்ற தாயை மகன் அடிப்பான் என்பதை நான் கேள்விப்படாதவள் இல்லை. ஆனால் என்னிடம் வருகிற ஒருவர் அப்படி வருவார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. எங்கள் கணக்கில் மாமி என்றால் ரீவியைக் கூட்டுகிற ஆள், அவ்வளவுதான். அவருக்கு எலும்பு இருக்கும், அதுவும் முறியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அண்டைக்கே என்னட்டைச் சொல்லியிருக்கலாமே மாமி," என்றேன். மறுபடியும் மாமி என்றுதான் வந்தது.

"சொன்னனானே பிள்ளை," என்றார். "கிணத்தடி எண்டு சொன்னனான். உங்களுக்கு விளங்கும் எண்டு நினைச்சன். நீங்கள் பிளீச்சிங் பவுடர் எண்டனீங்கள்."

அதில் குற்றம் சாட்டுகிற தொனி எதுவும் இருக்கவில்லை. நடந்ததைச் சொன்னார். நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கடைப் பையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார்.

"உங்கடை இடத்திலை என்னைப்போல ஆக்களையும் வைச்சிருப்பியளோ? இல்லாட்டில் சொல்லுங்கோ, நான் வேறை எங்கையும் போறன். அந்த வீட்டுக்கு மட்டும் போகேலாது."

உள்ளே போய்ப் படிவத்தை எடுத்து வந்தேன். துன்புறுத்தியவர் என்ற இடத்தில் 'கணவர்' என்றே அச்சடித்திருந்தது. அப்படி அச்சடிக்கச் சொன்னதும் நான்தான், ஒவ்வொரு தரமும் எழுதுவது வீண் வேலை என்று. அதை வெட்டிவிட்டு மகன் என்று எழுதினேன். பேனை இரண்டு தரம் வழுக்கியது.

ஆனால் ஒன்று மிச்சம் இருந்தது. எங்கள் வீட்டில் ஒருவரைச் சேர்ப்பதென்றால், அவரால் துன்பப்பட்ட ஒருவர் ஏற்கெனவே எங்களோடு இருந்தால், துன்பப்பட்டவரிடம் கேட்காமல் சேர்க்கமாட்டோம். எழுதி வைத்த விதி இல்லை, ஆனால் விதிதான். வேண்டாம் என்று அவள் சொன்னால் வேண்டாம்தான். சொல்ல அவளுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. பொறுப்பாளரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். புது இடத்தில் அவளோடு நின்றவர், அவளிடம் போனைக் கொடுப்பதாகச் சொன்னார்.

முற்றத்து மூலைக்குப் போய் நின்று கதைத்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை. கையைச் சொன்னேன், கன்னத்தைச் சொன்னேன், மூன்று நாளைச் சொன்னேன். ரீவியையும் சொன்னேன்.  போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறவில்லை.

"அவனோ?" என்றாள் கடைசியில். "மாமிக்கோ?"

"ஓம்."

"மாமிக்கு அடிச்சவனோ?" என்று திரும்பவும் கேட்டாள். அவளுக்கும் நம்ப முடியவில்லை. எட்டு வருடம் அவனிடம் அடி வாங்கியவளுக்கே நம்ப முடியவில்லை.

நான் காத்திருந்தேன். மாமி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் யாரோடு கதைக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். பையைக் கீழே வைக்கவில்லை.

"நான் அவவோடை ஒரு வீட்டிலை இருக்கமாட்டன் அக்கா," என்றாள் அவள்.  "என்னாலை ஏலாது. அந்தக் கையைப் பாத்துக்கொண்டு என்னாலை சோறு தின்ன ஏலாது."

"சரி."

"ஆனால் திருப்பி அனுப்பாதேங்கோ. நாங்கள் இஞ்சை நிக்கிறம், அவ அங்கை நிக்கட்டும்."

"சரி பிள்ளை."

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"பிரசர் குளிசை கொண்டு வந்தவவோ எண்டு கேளுங்கோ."

நான் போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்குப் போய்க் கேட்டேன். மாமி பையை நிலத்தில் வைத்துக் குனிந்து ஒற்றைக் கையால் தேடினார். இரண்டு சீலை, ஒரு துவாய், கிளினிக் கொப்பி. நிமிர்ந்து, "விட்டிட்டு வந்திட்டன்," என்றார்.

அதைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "எட்டு வரியமும் நான்தான் எடுத்துக் குடுத்தனான். அவவுக்கு எந்த டப்பியிலை எது இருக்குதெண்டும் தெரியாது. எழுதுங்கோ, சொல்லுறன்."

கையில் இருந்த படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். காலமை வெள்ளையில் ஒன்று, பின்னேரம் மஞ்சளில் பாதி. குளிசைப் பெயர்களையும் எழுத்துக்கூட்டி, அவசரப்படாமல் சொன்னாள். மாமி என் பேனையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாப்பிட்டாப் பிறகுதான் குடுக்கவேணும் அக்கா," என்றாள். "வெறுவயித்திலை குடுத்தால் அவவுக்குத் தலை சுத்தும்."

போனை வைத்துவிட்டு, மாமி காலையில் ஏதும் சாப்பிட்டாரா என்று கேட்டேன். நேற்றிலிருந்து இல்லை என்றார். நான் குசினிக்குள் போய் உலையை வைத்தேன்.